மின்கத்தி: சத்திரசிகிச்சைக்கு முன் ஏன் இத்தனை கேள்விகள்?



எமது சங்கத்து ஐயா ஒருவருக்குக் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த தாள்களை மகள்தான் வாசித்துச் சொன்னார். “அப்பா, கத்தியால மட்டும் இல்லையாம், கரண்ட் வைச்சும் வெட்டுவினமாம்” என்று பிள்ளை சொன்னதும் ஐயாவுக்கு அன்றிரவு நித்திரை இல்லை. அடுத்த தாளில், உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்ற கேள்வி இருந்தது. “இல்லையெண்டு போடு பிள்ளை” என்றார் ஐயா.

சத்திரசிகிச்சை நாளன்று அவருடைய வலது தொடையில் ஒரு தகட்டை ஒட்டுவதற்காகத் தாதி துணியை விலக்கினார். அங்கே பழைய தழும்பு ஒன்று இருந்தது. இது என்ன என்று தாதி கேட்டார். ஐயாவுக்குத் தெரிந்த டொச்சில் இரண்டு சொற்கள்தான் வந்தன: “மெற்றால். கிறீக்.” உலோகம், யுத்தம். 1987இல் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் உள்ளே இருந்தது. பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்ல மனம் வராமல்தான் “இல்லை” என்று எழுதச் சொன்னதாகப் பின்னர் அவர் எம்மிடம் கூறினார். தாதி தகட்டை மற்றத் தொடைக்கு மாற்றினார். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது, ஐயாவும் சுகமாக வீடு வந்து சேர்ந்தார்.

அந்தத் தகடு எதற்கு? தொடையில் இருக்கும் ஒரு சிறு இரும்புத் துண்டைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்? தாலியையும் காப்பையும் ஏன் கழற்றச் சொல்கிறார்கள்? இம்முறை மருத்துவப் பகுதியில் இவற்றுக்குப் பதில் காண்போம். மின்கத்தி எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொண்டால் அந்தக் கேள்விகளின் காரணமும் தானாகவே விளங்கிவிடும்.

வெட்டுவதும் சுடுவதும்

சூடு வைத்துக் குருதியை நிறுத்துவது எமக்குப் புதிய விடயமல்ல. சித்த மருத்துவத்தின் 32 வகைப் புறமருத்துவங்களில் ‘அறுவை’யும் உண்டு, ‘சுட்டிகை’ என்னும் சூடு வைக்கும் முறையும் உண்டு. மருத்துவர் அறுத்தாலும் சூடு போட்டாலும் நோயாளிக்கு அவர்மீதுள்ள அன்பு குறையாது என்ற கருத்தைக் குலசேகர ஆழ்வார் தமது பாசுரம் ஒன்றில் உவமையாகவே எடுத்தாண்டிருக்கிறார். முன்னைய நாட்களில் அறுவை ஒரு வேலை, சூடு இன்னொரு வேலை. மின்கத்தி இவ்விரண்டையும் ஒரே முனையால் செய்கிறது. அதுதான் இதன் பெருமை.

இந்தக் கருவியின் கதையில் எமது சுவிஸ் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாசலிலிருந்து தொடருந்தில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் போய்ச்சேரும் பேர்ண் நகரில் தியோடோர் கோஹர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். குருதியை வீணாக்காமல் மிகக் கவனமாகவும் நிதானமாகவும் தைரொயிட் சுரப்பிச் சத்திரசிகிச்சை செய்வதில் உலகப் புகழ் பெற்றவர். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1900-1901 காலப்பகுதியில் அவருடைய ஆய்வுகூடத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் இளம் வைத்தியர் வந்து ஆய்வு செய்தார். அவர்தான் பின்னாளில் மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடி எனப் போற்றப்பட்ட ஹார்வி குஷிங்.

மூளைக் கட்டிகளை அகற்றும்போது குஷிங்கின் மிகப் பெரிய எதிரி குருதிப்பெருக்கே. வில்லியம் போவி என்ற விஞ்ஞானி வெட்டவும் குருதியை உறைய வைக்கவும் கூடிய மின்கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார். பொஸ்ரன் நகரின் பீற்றர் பென்ற் பிறிகாம் வைத்தியசாலையில் ஒருவருக்குத் தலையில் இருந்த கட்டியை அகற்ற முயன்ற குஷிங், குருதி பெருகியதால் சத்திரசிகிச்சையைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. சில நாட்களின் பின், 1926 ஒக்ரோபர் 1ஆம் திகதி, போவியின் கருவியைக் கொண்டுவந்து அதே நோயாளிக்கு அந்தக் கட்டியை அகற்றி முடித்தார். அதுவரை கைவைக்க முடியாதென்று விட்டிருந்த கட்டிகளையும் அதன்பின் அவரால் அகற்ற முடிந்தது. அமெரிக்காவில் இன்றும் பலர் இக்கருவியைப் ‘போவி’ என்றே அழைக்கிறார்கள். இலங்கை வைத்தியசாலைகளில் ‘டயதேர்மி’ என்பார்கள். இங்கே டொச் மொழியில் ‘எலெக்ட்ரோகிறுர்கி’ என்பார்கள்.

கரண்ட் ஏன் அடிப்பதில்லை?

ஐயாவின் நித்திரையைக் கெடுத்த கேள்வி இதுதான். வீட்டுக் கரண்டில் கை பட்டால் தூக்கி எறிகிறதே, இது மட்டும் எப்படி?

எமது வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட். இங்கும் சரி ஊரிலும் சரி, அது ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. இந்த மெதுவான அலைவைத்தான் எமது நரம்புகளும் தசைகளும் நன்றாக உணர்கின்றன. அதனால்தான் தசை இழுக்கிறது, இதயத்தின் துடிப்பும் குழம்பிவிடலாம். ஆனால் அலைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், செக்கனுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியபின் தசைகளில் அந்த இழுப்பு குறைந்துகொண்டே போகும். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி தார்சொன்வால் இதனை 1890களிலேயே காட்டினார். நரம்பு உணர்ந்து எழுவதற்கு முன்னரே மின்னோட்டம் திசை மாறிவிடுகிறது. நரம்புக்கு அது தெரியாது. திசுவில் வெப்பம் மட்டுமே உண்டாகும்.

இன்றைய மின்கத்திகள் பெரும்பாலும் செக்கனுக்கு 3 இலட்சம் முதல் 5 இலட்சம் தடவை வரை அலையும் மின்னோட்டத்தைப் பயன்படுத்துகின்றன. ஊரில் மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்ட மூத்தவர்களுக்கு இதனை இலகுவாகச் சொல்லலாம். மத்திய அலை வரிசை ஏறத்தாழ 5 இலட்சத்து 30 ஆயிரம் அலைவுகளில் தொடங்குகிறது. மின்கத்தியின் அலைவு அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஆகவே இது சுவர்க் கரண்டைப் போன்றதல்ல, வானொலி அலைக்கு நெருங்கிய உறவு.

கருவியின் பகுதிகள்

சத்திரசிகிச்சைக் கூடத்தில் இந்தக் கருவியின் முக்கிய பகுதிகள் இவைதான்.

1. மின்பெட்டி. சுவரிலிருந்து வரும் 50 அலைவு மின்சாரத்தை வாங்கி அதை இலட்சக்கணக்கான அலைவுகளாக மாற்றிக் கொடுப்பது இந்தப் பெட்டி. எவ்வளவு சக்தி, எந்த வகை அலை என்பதை இதில் தெரிவு செய்வார்கள். ஏதும் பிழைத்தால் சத்தமிட்டு எச்சரிப்பதும் இதுவே.

2. கைப்பிடி. பார்த்தால் தடித்த பேனா போலிருக்கும். நுனியில் சிறிய உலோக அலகு அல்லது ஊசி உண்டு. பிடியில் இரண்டு பொத்தான்கள்: மஞ்சள் பொத்தான் வெட்டுவதற்கு, நீலப் பொத்தான் குருதியை உறைய வைப்பதற்கு. கைப்பொத்தானுக்குப் பதிலாகக் கால்மிதியும் பயன்படும், அதிலும் இதே நிறங்கள்தான். பொத்தானை அழுத்தும்போது மட்டுமே மின் பாயும்.

3. திரும்பு தகடு. இதுதான் ஐயாவின் தொடையில் ஒட்ட இருந்த தகடு. டொச்சில் ‘நொய்ட்ரால் எலெக்ட்ரோட’ என்பார்கள். உள்ளங்கை அளவில், ஒருபக்கம் பசையுள்ள மெல்லிய தகடு. பச்சைக் குழந்தைகளுக்குச் சிறிய தகடுகள் உண்டு.

4. வயர்கள். பெட்டியிலிருந்து பிடிக்கு ஒன்று, தகட்டிலிருந்து பெட்டிக்கு ஒன்று. வயரின் உறை வெடித்திருந்தால் வேண்டாத இடத்தில் சுடும் என்பதால் ஒவ்வொரு முறையும் பரிசோதிப்பார்கள்.

5. புகை உறிஞ்சி. திசு சுடும்போது புகை வரும். அதில் தீங்கான பொருட்கள் உள்ளன. அங்கு நாள்தோறும் நின்று வேலை செய்யும் தாதிமாருக்கும் மருத்துவர்களுக்கும் அது நல்லதல்ல என்பதால் உறிஞ்சி எடுக்கிறார்கள்.

மின்னோட்டம் ஒரு வட்டம். பெட்டியில் தொடங்கி, வயர் வழியாகப் பிடியின் நுனிக்கு வந்து, உடம்புக்குள் நுழைந்து, தகட்டில் வெளியேறி, மீண்டும் பெட்டிக்கே போய்ச் சேர வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் எம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வட்டத்தைக் காப்பதற்காகவே கேட்கப்படுகின்றன.

நுனி சுடுகிறது, தகடு ஏன் சுடுவதில்லை?

நுனியிலும் தகட்டிலும் ஓடுவது ஒரே அளவு மின்னோட்டம்தான். வேறுபாடு பரப்பளவில் இருக்கிறது. கடையில் அரிசிப் பை வாங்கி மெல்லிய பிடியில் தூக்கிவந்தால் விரல் அறுந்துவிடும் போலிருக்கும். அதே பையை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கினால் வலிக்காது. பாரம் ஒன்றுதான், தாங்கும் இடம்தான் வேறு. அதுபோல ஊசி முனையில் குவியும் மின்னோட்டம் சுடுகிறது. உள்ளங்கை அளவுக்கு விரிந்து வெளியேறும்போது தோல் சற்றுச் சூடாவதோடு சரி.

இதன் மறுபக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். தகடு பாதி கழன்று விட்டால்? மீதிப் பாதியில் மின்னோட்டம் நெருக்கியடித்து வெளியேறும். பரப்பு பாதியானால் அந்த இடத்தின் வெப்பம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். மயக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. கண்விழிக்கும்போதுதான் தோல் வெந்திருப்பது தெரியவரும். இதற்காகவே இன்று பெரும்பாலான தகடுகளை இரண்டு பாதிகளாகச் செய்கிறார்கள். இரு பாதிகளும் தோலில் நன்றாக ஒட்டியுள்ளனவா என்று பெட்டி இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கழன்றால் மின்னை நிறுத்திச் சத்தமிடும்.

முட்டையும் தோசைக்கல்லும்

வெட்டுவதையும் உறைய வைப்பதையும் ஒரே கருவி எப்படிச் செய்கிறது? சமையலறையில் விடை இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூடேறியதும் இறுகி வெண்மையாகிறது. எமது திசுவும் ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் அப்படித்தான் உறைகிறது, சிறு குருதிக் குழாய்கள் அடைபடுகின்றன. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ என்று ஆவியாகிவிடும். அதுபோல 100 பாகைக்குச் சட்டென்று போனால் கலங்களுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் கலங்கள் வெடித்துப் பிரிகின்றன. அதுதான் வெட்டு.

மஞ்சள் பொத்தானில் மின்னலை இடைவிடாமல் வரும், திசு சட்டென்று ஆவியாகும். நீலப் பொத்தானில் அலை விட்டுவிட்டு வரும். இடையில் திசு ஆறுவதால் ஆவியாகாமல் உறைகிறது. ஆனால் நீலப் பொத்தானில் வோல்ட் அளவு மிக உயர்ந்தது, ஆயிரக்கணக்கில் போகும். இரண்டையும் கலந்த முறையும் உண்டு.

நாம் இதுவரை சொன்னது ஒருமுனை முறை. இருமுனை முறையும் உண்டு. அதில் சிறிய இடுக்கி போன்ற கருவியின் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மட்டும் மின் ஓடும். இடுக்கியின் நடுவில் பிடித்த திசு மட்டுமே சுடும். உடம்பினூடாக நீண்ட பயணம் இல்லை, தகடும் தேவையில்லை. மூளை, கண், கை நரம்பு போன்ற நுண்ணிய இடங்களிலும், இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கும் முடிந்தவரை இந்த முறையையே தெரிவு செய்கிறார்கள்.

இனி அந்தக் கேள்விகள்

உங்களுக்கு இதயமுடுக்கி உண்டா? டொச்சில் ‘ஹேர்ட்ஸ்ஷ்ரிற்மாஹர்’. மின்கத்தியின் அலையை இதயத்தின் சொந்தத் துடிப்பென்று இதயமுடுக்கி தவறாக நினைத்துத் தன் வேலையை நிறுத்திக்கொள்ளலாம். அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவியானால், ஆபத்தான துடிப்பென்று எண்ணித் தேவையில்லாமல் அதிர்ச்சி கொடுக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் கருவியை அதற்கேற்ப மாற்றி வைப்பார்கள், தகட்டையும் மின்பாதை இதயத்தை விட்டு விலகிப் போகும்படி ஒட்டுவார்கள். கருவியின் அட்டையைக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி, நரம்பைத் தூண்டும் கருவி, நீரிழிவுக்கான இன்சுலின் பம்பு, கையில் ஒட்டிய சீனி அளவு பார்க்கும் சென்சர் ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

உடம்பில் உலோகம் உண்டா? எலும்பு முறிவுக்கு வைத்த தகடு, செயற்கை இடுப்பு மூட்டு என்பவற்றோடு எம்மவரிடம் இன்னொன்றும் உண்டு. செல் துண்டு, சன்னம். டொச்சில் செல் துண்டை ‘கிரனாட்ஷ்பிளிற்றர்’ என்பார்கள். உலோகத்துக்கு மேலும் தழும்புக்கு மேலும் தகட்டை ஒட்டுவதில்லை. தழும்பில் மின் சீராகப் பரவாது, உலோகத்தருகே மின் குவியலாம். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு இது இன்னும் முக்கியம். அங்கே பலம்வாய்ந்த காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். காயம் எப்படி வந்தது, யார் சுட்டது என்ற கதையெல்லாம் வைத்தியருக்குத் தேவையில்லை. எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதும்.

நகைகளைக் கழற்றிவிட்டீர்களா? பழைய கருவிகளில் மின்னோட்டம் நிலத்தின் வழியே திரும்பியது. அதனால் உலோகம் பட்ட இடத்தில் எல்லாம் வழிதேடி வெளியேறிச் சுட்ட சம்பவங்கள் நடந்தன. இன்றைய பெட்டிகள் நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டவை என்பதால் அந்த ஆபத்து பெரிதும் குறைந்துவிட்டது, ஆனால் முற்றாக இல்லாமல் போகவில்லை. விரல் வீங்கினால் மோதிரம் இறுகும். மூக்குத்தி சுவாசக் குழாய் வைக்கும்போது இடைஞ்சலாகும். ஆகவே தாலிக்கொடி, காப்பு, தோடு, மூக்குத்தி, மெட்டி, குழந்தைகளின் பஞ்சாயுதம், அரைஞாண் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். இறுகிப்போன மோதிரத்தைச் சில நாட்களுக்கு முன்னரே கழற்றப் பாருங்கள். கடைசி நேரத்தில் வெட்ட வேண்டி வரலாம்.

தாலியைக் கழற்றுவது எமது தாய்மாருக்கு எவ்வளவு மனக்கஷ்டம் என்பது எமக்குத் தெரியும். அதை அவசர நேரத்தில் வைத்தியசாலைக் கட்டிலில் வைத்துப் பேச வேண்டாம், முதல்நாள் வீட்டில் பேசுங்கள். கணவர் தன் கையால் வாங்கிச் சுவாமி அறையில் வைத்து, சுகமாகி வந்தபின் மீண்டும் அணிவிக்கலாமே. கௌரிக் காப்பு நூல் உலோகமல்ல, மின்னால் ஆபத்தில்லை. ஆயினும் சுத்தம் கருதி அதைப் பற்றியும் தாதியிடம் கேளுங்கள்.

எண்ணெய், கிறீம் பூசியிருக்கிறீர்களா? சத்திரசிகிச்சையன்று உடம்புக்கோ தலைக்கோ எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய்த் தோலில் தகடு ஒட்டாது. தகடு ஒட்டும் இடத்தில் முடி இருந்தால் அதையும் வெட்டி எடுப்பார்கள். தோலில் பூசும் கிருமிநாசினியில் பெரும்பாலும் அற்ககோல் இருக்கும். அது நன்றாகக் காயும்வரை காத்திருந்த பின்னரே மின்கத்தியை எடுப்பார்கள். அற்ககோலும் ஒட்சிசனும் ஒரு பொறியும் சேர்ந்தால் தீப்பற்றும் என்பதே காரணம்.

குடல் பரிசோதனைக்கு முன் அந்த மருந்துத் தண்ணீரை முழுவதும் குடித்தீர்களா? குடலில் காணும் சிறு முளைகளைச் சுருக்குக் கம்பியாலும் மின்னாலும் அகற்றுவார்கள். குடல் சுத்தமில்லாவிட்டால் அங்கே எரியக்கூடிய வாயுக்கள் தங்கியிருக்கலாம். சுவை பிடிக்கவில்லையென்று பாதியை ஊற்றிவிட்டு “குடிச்சிட்டன்” என்று சொல்லாதீர்கள்.

வீடு வந்தபின்

தகடு ஒட்டிய இடத்தில் லேசான சிவப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், பசையால் வருவது, விரைவில் மறையும். ஆனால் கொப்புளம், தோல் உரிதல், கூடிக்கொண்டு போகும் நோவு இருந்தால் தாதிக்கோ குடும்ப வைத்தியருக்கோ காட்டுங்கள். காயம் சத்திரசிகிச்சை செய்த இடத்தில் இல்லை என்பதால் பலர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டுமா?

கடைசியாக, ஐயாவின் கதைக்கே திரும்புவோம். அவர் பொய் சொல்ல நினைத்தவரல்ல. தன் பிள்ளை கேட்கக்கூடாத ஒன்றைப் பிள்ளையின் வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. தாய்மாருக்கும் மாதவிடாய், கருச்சிதைவு பற்றி மகனிடம் சொல்லி மொழிபெயர்க்க வைப்பது இதே மாதிரியான சங்கடம்தான். நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். டொச்சில் ‘டொல்மெற்ஷர்’ என்று சொன்னாலே விளங்கும். அவர்கள் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு உள்ளவர்கள்.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், தமிழில் மருத்துவ நூல்களையும் ஆக்கினார். உடம்பைப் பற்றிய எந்த விடயத்தையும் எமது மொழியில் விளக்க முடியும் என்று அன்றே காட்டியவர் அவர். எமது வருத்தங்களையும் தழும்புகளையும் எமது மொழியில் சொல்லவும் நாம் தயங்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, இதயமுடுக்கி அட்டை, மருந்துப் பட்டியல் ஆகியவற்றோடு ஒரே உறையில் வையுங்கள். உங்கள் உடம்பில் உள்ள உலோகம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு துண்டில் எழுதி அதனுள் போடுங்கள். அவசரத்தில் வாய் பேச முடியாவிட்டாலும் அந்தத் துண்டு உங்களுக்காகப் பேசும்.

இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்காக மட்டுமே. உங்களுக்குரிய ஆலோசனையை உங்கள் வைத்தியரிடமே பெற்றுக்கொள்ளுங்கள்.